புது சிட்டி வந்தால் பழைய காருக்கு ஸ்பேர் கிடைக்காதா?

"ஹோண்டா சிட்டி வடிவம் மாறப்போகுது, பழைய வண்டிக்கு ஸ்பேர் நின்னுடும், இப்பவே வித்துடுங்க" என்று பெங்களூருத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறானது.

2020 ஜூலையில் ஐந்தாம் தலைமுறை சிட்டி வந்தது. அதன் பிறகும், 2014-இல் அறிமுகமான நான்காம் தலைமுறை வண்டி 2023 வரை ஷோரூமிலேயே விற்கப்பட்டது. 2023 மார்ச்சில் ஐந்தாம் தலைமுறை வண்டியின் முகப்பை மாற்றினார்கள். டீசல் நின்றது, 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் தொடர்ந்தது. பிரேக் பேட், ஃபில்டர், கிளட்ச் போன்றவை தேய்ந்து மாற்றும் பாகங்கள். ஓடுகிற வண்டிகள் இருக்கும்வரை அவற்றுக்குச் சந்தை உண்டு. வடிவம் மாறும்போது முதலில் மாறுவது பம்பர், ஹெட்லைட், கிரில். பழைய மாடலின் இந்தப் பாகங்களுக்குச் சில நேரம் ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

ஐந்தாம் தலைமுறை சிட்டியை வைத்திருப்பவர்கள் பாராட்டுவது பின்சீட்டின் தாராள இடத்தையும் 506 லிட்டர் டிக்கியையும். குறைப்படுவது, ஆள் நிறைந்திருக்கையில் உயரமான வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசுவதை. புது வடிவம் வந்ததால் இவை எதுவும் மாறிவிடாது.

மறுவிற்பனை விலை இறங்குவது உண்மை. ஆனால் அந்த நஷ்டம் விற்பவருக்குத்தான். குடும்பத்தோடு ஓசூர் வழியாக ஊர் போய்வரும் நல்ல வண்டியை, ஒரு ஃபார்வர்டை நம்பி, புரோக்கர் கேட்கும் விலைக்குத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.