இரும்புக் கடைக்குப் போன சேற்றுச் சில்லுகள்

போன கிழமை என் தம்பி எங்கள் உழவு இயந்திரத்தின் சேற்றுச் சில்லுகள் (வயற்சேற்றில் ரப்பர் ரயருக்குப் பதிலாக மாட்டும் இரும்புச் சக்கரங்கள்) இரண்டையும் பழைய இரும்பு வாங்கும் லொறிக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டான். நான் பாடசாலையில் நின்ற நேரம். பின்னேரம் வந்து கொட்டிலுக்குள் பார்த்தால், சில்லுகள் சாய்ந்திருந்த சுவரில் துரு போட்ட இரண்டு வட்டங்கள் மட்டும் மிச்சம். கேட்டதற்கு, "சும்மா கிடந்த இரும்புதானே அண்ணா? மெசினைக் கொடுக்கவில்லையே" என்றான்.

மெசினைக் கொடுக்கவில்லையாம்! சேற்றுச் சில்லு இல்லாத மெசினைத் தம்பலகாமத்து வயலில் இறக்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? ரப்பர் ரயர் வழுக்கும், நின்ற இடத்திலேயே குழி தோண்டும், கடைசியில் எஞ்சின் அடிவயிறு சேற்றில் குந்திவிடும். பிறகு நாலு பேர் தோள் கொடுக்க வேண்டும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) முன்பு எருமைகள் மிதித்துக் கலக்கிய சேற்றைப் பிறகு கலக்கியது அந்த இரும்புச் சில்லுகளின் பட்டைகள்தான். எஞ்சின் அவற்றைச் சுற்றிவிட்டது, அவ்வளவே.

எங்களுடையது ஜப்பான் கூபோட்டா. அப்பா எண்பதுகளின் தொடக்கத்தில் இன்னொருவர் பாவித்ததை வாங்கினார். ஊருக்கு மட்டும் அது 'லாண்ட்மாஸ்டர்'. இலங்கையில் இரண்டு சில்லு உழவு இயந்திரம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அந்தப் பெயர்தான். உண்மையான லாண்ட்மாஸ்டர் இங்கிலாந்தில் நொட்டிங்காம் பக்கத்தில் செய்யப்பட்டது. அங்கே அது காய்கறித் தோட்டம் கொத்துவதற்கான சாதனம். உருளைக்கிழங்குப் பாத்திக்குப் பிறந்த அந்த இனத்தை நம்மவர்கள் முழங்கால் சேற்றில் இறக்கினார்கள், பெட்டி பூட்டி நெல் மூட்டை ஏற்றினார்கள், பெல்ட் மாட்டித் தண்ணீர் இறைத்தார்கள், கோயில் திருவிழாவுக்குச் சனத்தை ஏற்றினார்கள். 2006இல் மூதூர், சம்பூர் பக்கத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்தபோது எத்தனை கிழவிகளும் குழந்தைகளும் இந்தப் பெட்டிகளில் குந்தியிருந்து வந்தார்கள் என்பதை இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

இத்தனை வேலையையும் செய்தது எஞ்சினா? இல்லை. பின்னால் பூட்டிய பெட்டி, கத்திகள் சுழன்று மண்ணைக் கொத்தும் ரொட்டரி, கலப்பை, மட்டப்பலகை, நீர் பம்பி. எஞ்சின் ஒரு தண்டைச் சுற்றும். அந்தச் சுற்றலை வேலையாக மாற்றுவது பூட்டுச் சாமான்கள். நம் வீடுகளில் முதலில் விலைப்படுபவையும் அவைதான். மெசினைத் தாழ்வாரத்தில் சாக்குப் போட்டு மூடி வைப்போம், கலப்பையை மழையில் போடுவோம். 'மெசின்' என்ற சொல்லை எஞ்சினுக்கு மட்டும் கொடுத்துவிட்டதால் வந்த வினை இது.

என் பெரியம்மாவின் மகன் கனடாவில் இருக்கிறார். வீட்டுப் புல் வெட்டவும் பனி தள்ளவும் செய்த பழைய தோட்ட ட்ராக்டர்கள்மீது அவருக்குப் பைத்தியம். அவரிடம் இருப்பது கப் கடெட். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961இல் அந்த வரிசையைத் தொடங்கியபோது அதில் ஏழு குதிரைவலுக் கோலர் எஞ்சின் இருந்ததாம். 1963இல் ஜோன் டியர் நிறுவனம் தன் 110 ட்ராக்டரை இறக்கியது. இந்தியானா மாநிலத்தின் வீல் ஹோர்ஸ் அதற்கும் முன்பிருந்தே களத்தில் இருந்தது. இதையெல்லாம் நான் கேளாமலே சொல்லுவார். நான் கவனித்தது வேறொன்றை. எஞ்சினை அவர் ஒரு மாதத்தில் ஓடவைத்துவிட்டார். அதற்கு உரிய பனித்தள்ளும் பலகையைத் தேட இரண்டு மாரிகாலம் எடுத்தது. "எஞ்சினுக்குப் பிஸ்டன் ரிங் கிடைக்கும் தம்பி, பலகையைப் பூட்டும் சட்டம் கிடைக்காது. எல்லோரும் அதைத்தான் முதலில் எறிந்திருக்கிறார்கள்" என்றார். பணக்கார நாட்டில் பொழுதுபோக்குக்காரர் பட்டுத் தெரிந்துகொண்டதை, அதே இயந்திரத்தில் சோறு சாப்பிட்ட நாம் தெரிந்துகொள்ளவில்லை.

இனிக் கொஞ்சம் எண்ணெய்க் கையோடு பேசுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் அடுத்த பதிவுக்குப் போகலாம்.

எங்கள் மெசினைப் பார்ப்பவர் கிண்ணியாவில் கராஜ் வைத்திருக்கும் காக்கா ஒருவர் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்). 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, ஓர் ஒயில் சீல் (ஒயில் கசியாமலும் தண்ணீர் புகாமலும் தண்டைச் சுற்றித் தடுக்கும் வளையம்) வாங்கப் பட்டினம் போவதென்றாலும் அவர் துறையில் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவை) வரும்வரை காத்து நிற்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, எதையும் எறியமாட்டார். அவர் எனக்குச் சொல்லித்தந்த முதற்பாடம்: எஞ்சின் பக்கம் போகாதே, ரொட்டரியின் ஒயிலைப் பார். வடிக்கும் போல்ட்டை லேசாகத் தளர்த்தி நாலு சொட்டை உள்ளங்கையில் விட வேண்டும். கறுப்பாக இருந்தால் பழசு, மாற்றினால் போதும். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் வயல் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அந்த ஒயில் பெயாரிங்கைக் காக்காது, தின்னும்.

தண்ணீர் எப்படிப் போகிறது? சீல் பழுதென்று புதிய சீல் போடுவார்கள், அடுத்த போகத்தில் அதுவும் போகும். காரணம் வைக்கோலும் உரப்பை நூலும். வயலில் விட்டெறிந்த உரப்பையின் நூல் ரொட்டரித் தண்டில் சுற்றி, சுற்றி, சீலின் உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் புகுந்து அறுத்துவிடும். ஒவ்வொரு நாள் உழவு முடிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கத்தியால் அந்த நூலை வெட்டி எடுப்பது ஐந்து நிமிட வேலை. காக்கா அதைச் சொன்ன விதம் இன்னும் நினைவிருக்கிறது: "சேர், சீல் சாகவில்லை. கழுத்தில் கயிறு போட்டிருக்கிறீர்கள்."

ரொட்டரிக் கத்திகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அவற்றில் இடப்பக்கம் வளைந்தவை, வலப்பக்கம் வளைந்தவை என்று இரண்டு வகை. எல்லாம் ஒரே நேரத்தில் மண்ணில் விழாதபடி ஒரு ஒழுங்கில் பூட்டியிருப்பார்கள். கழற்றும்போது சோக்கட்டியால் இலக்கம் போடாமல் கழற்றிக் குவியலாக்கிவிட்டு, பிறகு கைக்கு வந்தபடி பூட்டினால் மெசின் ஒரு பக்கம் இழுக்கும், பிடிக்கிறவருடைய தோள்மூட்டு கழன்றுபோகும். நான் ஒருமுறை அப்படிச் செய்து, 'மெசினுக்கு வயது போய்விட்டது' என்று ஒரு மாதம் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

தேய்ந்த கத்திக்கு வெல்டிங் வைத்து நீட்டுவது நம் ஊர்ப் பழக்கம். வைக்கலாம், தப்பில்லை. ஆனால் வைத்த கையோடு வாளித் தண்ணீரில் முக்காதீர்கள். அது ஸ்பிரிங் செய்யும் வில்லுருக்கு. செஞ்சூட்டில் தண்ணீரில் போட்டால் கண்ணாடியாகிவிடும். எங்கள் கத்திகளை வேலைக்கு எடுத்த பட்டறைக்காரர் ஒருவர் ஒவ்வொன்றையும் 'சுர்' என்று முக்கி அழகாக அடுக்கித் தந்தார். முதல் நாள் உழவில் ஒரு கல்லில் பட்டு இரண்டு கத்தி ஒடிந்தன. உமிக்குள்ளோ சாம்பலுக்குள்ளோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும்.

பெட்டியைப் பற்றி ஒன்றுதான். மெசினையும் பெட்டியையும் இணைக்கும் முளை தேய்ந்தால், கட்டடக் கம்பியில் ஒரு துண்டை வெட்டிச் செருகுவதை நிறுத்துங்கள். துளை நீள்வட்டமாகியிருந்தால் கடைசல் பட்டறையில் புஷ் (துளைக்குள் இறுக்கும் உள்வளையம்) ஒன்று அடித்துப் போடுங்கள். குளக்கட்டிலிருந்து மூட்டையோடு இறங்கும்போது அந்தக் கம்பி வளைந்தால், நெல்லோடு நீங்களும் வாய்க்காலுக்குள். இறக்கத்தில் இன்னொரு பொறியும் உண்டு. இரண்டு சில்லு மெசினில் இடப்பக்கக் கிளட்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும், சமதரையில். இறக்கத்தில் பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது, கிளட்சு விடுபட்ட சில்லு தடையில்லாமல் ஓடி மற்றச் சில்லை முந்திவிடும். மெசின் வலப்பக்கம் திரும்பும். இது தெரியாமல் பழைய கைகளே தடுமாறி விழுந்திருக்கின்றன. இறக்கத்தில் சிறிய கியரில் போட்டு, கிளட்சைத் தொடாமல் கைப்பிடியை உடம்பால் தள்ளித் திருப்ப வேண்டும். வாங்கி ஓட்டும் இளம்பிள்ளைகளுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக முடிக்கிறேன். எங்களுடையது போன்ற தொட்டித் தண்ணீர் எஞ்சின்களில் தண்ணீர் கொதித்து ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறிய தண்ணீர் என்றால், தண்ணீர் போய் உப்பு மட்டும் உள்ளே தங்கும். கார்த்திகை, மார்கழியில் கூரையிலிருந்து கொட்டும் மழைத் தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்து மூடி வைத்தால் ஒரு போகத்துக்குப் போதும். வேலையில்லாத மாதங்களில் எஞ்சினைக் கையால் சுற்றி, பிஸ்டன் அமுக்கத்தில் நிற்கும் இடத்தில் விடுங்கள். அங்கே இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். கடற்காற்று சிலிண்டருக்குள் குடியேறாது. பெல்ட்டுகளின் இறுக்கத்தையும் தளர்த்திவிடுங்கள்.

சரி, அடுத்த கோபம். இப்போது முகநூலில் பழைய மெசின்களுக்கு நிறம் அடித்துப் படம் போடும் கூட்டம் பெருகிவிட்டது. பளபளவென்று செம்மஞ்சள், சில்லுக்கு வெள்ளை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் கிறீஸ் அடிக்கும் முலைகளின் மேலும் நிறம், எஞ்சின் இலக்கம் பொறித்த தகட்டின் மேலும் நிறம். அந்த இலக்கம் இல்லாமல் கடையில் போய் எந்த உதிரிப்பாகத்தைக் கேட்பது? நிறம் கடைசி வேலை. என்னைக் கேட்டால் வேலையே அல்ல. 2004 டிசம்பரில் கடல் வந்துபோன பிறகு, கிண்ணியாவில் உப்புத் தண்ணீரில் முழுகிய மெசின்களைக் காக்கா ஒவ்வொன்றாகத் திறந்து, நல்ல தண்ணீரில் அலசி, டீசலில் ஊறவைத்து எடுத்தார். அவற்றில் இரண்டு மூன்று இன்றும் ஓடுகின்றன. ஒன்றிலும் முழுதாக நிறம் கிடையாது.

தம்பியின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. நாலு சில்லு மெசினை வாடகைக்குப் பிடித்தால் எங்கள் மூன்று ஏக்கரும் அரைநாளில் முடிந்துவிடும், முதுகும் தப்பும். உண்மை. நானே கடந்த சில போகங்களாகப் பெரிய உழவுக்கு அதைத்தான் பிடிக்கிறேன். அறுவடை இயந்திரம் வந்த பிறகு சூடு மிதிக்கவும் (கதிரை மிதித்து நெல்லைப் பிரிக்கவும்) எங்கள் மெசின் தேவையில்லை. ஆனால் வரம்பு மூலைகளில் பெரிய மெசின் திரும்பாது. பள்ளத்து வயலில் இறங்கவே மாட்டேன் என்பார்கள். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றோமே, அப்போது வாடகை மெசின்காரர் கைவிரித்துவிட்டார். கிடைத்த கொஞ்ச டீசலில் எங்கள் வயலையும் பக்கத்து மாமியின் அரை ஏக்கரையும் இந்தக் கிழட்டு மெசின்தான் மிதித்துத் தந்தது. மிதித்தது எதால் என்று தம்பியிடம் கேட்டேன். பதில் இல்லை. அந்தச் சில்லுகளைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்தவனே அவன்தான்.

அடுத்த நாள் பாடசாலை விட்டதும் இரண்டு பேருமாக மோட்டார் சைக்கிளில் இரும்புக் கடைக்குப் போனோம். இடப்பக்கச் சில்லு குவியலின் மேலேயே கிடந்தது. வாங்கிய விலைக்குக் கொஞ்சம் கூட வைத்துத் திருப்பித் தந்தார்கள். வலப்பக்கச் சில்லை காஸ் வைத்து மூன்றாக வெட்டிவிட்டிருந்தார்கள். துண்டுகளையும் கொண்டுவந்திருக்கிறேன். வளையம் ஒட்டக்கூடிய நிலையில் இருக்கிறது. அச்சில் மாட்டும் குழல்தான் சரியாக நடுவில் வெட்டுப்பட்டுவிட்டது. காக்கா பார்த்துவிட்டு, "ஒட்டலாம், ஆனால் நேராக ஓடாது" என்றார்.

எனவே கேட்கிறேன். மூதூர், தோப்பூர், கந்தளாய், நிலாவெளி, எங்கென்றாலும் சரி. பழைய கூபோட்டாவின் வலப்பக்கச் சேற்றுச் சில்லு, அறுகோணக் குழல் உள்ளது, யாருடைய வேலியோரத்திலாவது கொடி படர்ந்து கிடந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பட்டைகள் வளைந்திருந்தாலும் பரவாயில்லை, குழல் நல்லதாக இருந்தால் போதும். ஐப்பசி உழவுக்கு முன் வேண்டும். ஏற்ற நானும் தம்பியும் வருவோம்.