ஒன்பது பின் பிளக் என்றாலே எல்லாம் ஒன்றல்ல

அண்ணே, "ஒன்பது பின் பிளக் எதுவானாலும் கமடோர் 64-ல் தாராளமாகச் செருகலாம், மெகா டிரைவ் பேடும் சரிதான்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். கமடோர் 64 என்பது 1980களின் வீட்டுக் கணினி, மெகா டிரைவ் பேடோ செகா வீடியோ கேம் பெட்டியோடு வரும் பட்டன் கட்டுப்பாட்டுக் கருவி. அதை நம்பி ஒரு தம்பி பேடு வாங்கக் கிளம்பிவிட்டார். செருக முடியும், ஆனால் செருகக் கூடாது.

பழைய அட்டாரி ஜாய்ஸ்டிக்கில் சிப்பே கிடையாது. நான்கு திசைக்கு நான்கு சுவிட்ச், ஃபயருக்கு ஒன்று. அழுத்தினால் அந்தக் கம்பி 8ஆம் பின்னில் உள்ள கிரவுண்டோடு சேரும், அவ்வளவுதான். கமடோர் எதிர்பார்ப்பதும் அதையே. மெகா டிரைவ் பேடுக்குள்ளோ சிப் இருக்கிறது. அதற்கு 5 வோல்ட் வரவேண்டியது 5ஆம் பின்னில். கமடோர் கொடுப்பதோ 7ஆம் பின்னில். பேடைப் பொறுத்தவரை அந்த 7 செலக்ட் லைன், அதாவது எந்தப் பட்டன்களின் நிலையை அனுப்பவேண்டும் என்று சொல்லும் கம்பி. அதன் வழியாகவே சிப் அரைகுறையாக உயிர்பெற்று, பட்டனைத் தொடாதபோதும் லைன்களில் மின்சாரத்தைத் தள்ளும். அந்த லைன்கள் நேராகப் போவது கமடோருக்குள் இருக்கும், வெளியிலிருந்து வரும் சிக்னல்களைப் படிக்கும் 6526 சிஐஏ சிப்புக்கு. கீபோர்டைப் படிப்பதும் அதே சிப்தான்! முதலில் ஆட்டம் நன்றாகவே ஓடும், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாளடைவில் அந்த சிப்பே கெட்டுப்போகலாம்.

6526 தயாரிப்பு நின்று எத்தனையோ காலமாகிறது. இங்கே சிங்கப்பூரில் பழைய சாமான் விற்ற சுங்கை ரோடு சந்தையையும் 2017-ல் மூடிவிட்டார்கள், பழைய போர்டு கிளறி அந்த சிப்பைத் தேட அப்படி இன்னொரு இடம் கிடைப்பது கடினம்.

ஸ்பெக்ட்ரம் பிளஸ் 2 என்ற இன்னொரு பழைய வீட்டுக் கணினியிலும் அதே வடிவச் சாக்கெட்தான், வயரிங் வேறு. அட்டாரி ஸ்டிக் நேரடியாக வேலை செய்யாது.

தம்பி, பேடுதான் வேண்டுமென்றால் கமடோருக்கென்றே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த அடாப்டரோடு வாங்குங்கள்.