தாசில்தாரின் துப்பாக்கி

இமயமலை அடிவாரக் குமாவோன் பகுதியின் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் தம் .275 ரிக்பி ரைஃபிளால் சுட்டார் என்று ஒரு கட்டுரையில் வந்திருப்பது சரியன்று. 1907இல் அப்புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணங்களின் துணைநிலை ஆளுநர் ஹெவெட் பின்னர் அளித்த பரிசே அந்த ரிக்பி. அதன் கட்டையில் பதித்த வெள்ளித் தகடே அதைச் சொல்லும். வேட்டையன்று கார்பெட் கொண்டுபோயிருந்த மூன்று தோட்டாக்களும் தீர்ந்துவிட, உடன் வந்திருந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை ஓடிப்போய் வாங்கி வந்து, குழல் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டிருந்த அதைக் கொண்டு திறந்த வாயைக் குறிவைத்தார். குண்டு பட்டதோ வலது முன்னங்காலில். முன்பே குற்றுயிராயிருந்த புலி அந்தச் சிறு அடியிலேயே சரிந்தது. எனக்கென்னவோ, வெள்ளித் தகட்டு ரிக்பியைவிட அந்த ஓட்டைத் துப்பாக்கியைத்தான் ஒருமுறை கையிலெடுத்துப் பார்க்க ஆசை.