பிக் டென்னில் 18 பேர்

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் ஒஹ்தானிக்கு டாட்ஜர்ஸ் அணி பேசிய சம்பளம் 10 வருடத்துக்கு 70 கோடி டாலர், அதில் 68 கோடியை ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் கொடுப்பார்களாம், நாம் மளிகைக் கடையில் கடன் சொன்னால் மட்டும் முறைக்கிறார்கள். சரி, மனுஷன் ஆடுகிறார், விடுங்கள். வழக்கமான ஒன்பது இன்னிங்ஸில் ஆட்டம் சமனாகிப் பத்தாவது இன்னிங்ஸ் போனால், ஒரு பந்தைக்கூட அடிக்காமல் ஒருத்தர் நேராக வந்து இரண்டாவது பேஸில், அதாவது ரன்னுக்கான பாதையில் பாதி தூரத்தில், நிற்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் அந்த விதி கிடையாது. அப்போ அது கூத்து என்று அவர்களுக்கே தெரிகிறது!

கல்லூரி விளையாட்டு இன்னும் மோசம். பசிபிக் பக்கத்தில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024-இல் போய்ச் சேர்ந்தது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில். கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டம், இதன் பெயரிலேயே நாட்டின் மறுகரை இருக்கிறது. ஒருத்தர்கூடவா வரைபடத்தைப் பார்க்கவில்லை? இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் பிக் டென், அதாவது 'பெரிய பத்து' என்று பெயர், உள்ளே 18 கல்லூரிகள். எல்லாம் அமெரிக்க ஃபுட்பால் டிவி பணத்துக்காக. ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் வாலிபால் ஆடுகிற பொண்ணும், அதே பிக் டென்னில் இருக்கும் கல்லூரியோடு மோத மறுகரையில் உள்ள நியூ ஜெர்சி வரை பறந்து ஆடிவிட்டு, மூன்று மணி நேர வித்தியாசத்தில் தூக்கமும் கெட்டு, திரும்பி வந்து பரீட்சை எழுத வேண்டும்.