லோபனோவ்ஸ்கியை ரோபோ கோச் என்று சொல்லாதீர்கள்

லோபனோவ்ஸ்கியைப் பற்றி நேற்று வந்த ஃபுட்பால் வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. "பந்தையே தொடாத கணக்கு வாத்தியார்", "ஆட்டக்காரர்களை ரோபோ ஆக்கிய ரஷ்யர்". ஆட்டத்தைக் கணக்குப் போட்டு நடத்திய டைனமோ கீவ் அணியின் பயிற்சியாளர் வலேரி லோபனோவ்ஸ்கியை அதில் இப்படி இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள்.

அவர் ரஷ்யர் இல்லை. கீவ் நகரில் பிறந்த உக்ரேனியர்.

பந்தையே தொடாதவரா? டைனமோ கீவின் லெஃப்ட் விங்கர் ஐயா அவர்! 1961இல் மாஸ்கோவுக்கு வெளியே இருந்து ஓர் அணி முதன்முறையாக சோவியத் லீக்கை வென்றதே, அந்த அணியில் ஆடியவர். கார்னரில் இருந்து அடித்தால் பந்து வளைந்து நேராக வலைக்குள் போகும். 1964இல் மாஸ்லோவ் பயிற்சியாளராக வந்தார். அவருடைய திட்டத்தில் இந்த விங்கருக்கு இடமில்லை. ஒடேசா, டோனெட்ஸ்க் அணிகளுக்குப் போய், 29 வயதில் ஆட்டத்தையே விட்டுவிட்டார்.

கல்லூரி அணியில் நானும் லெஃப்ட் விங்தான். புதிதாக வந்த கோச் "நீ டிஃபென்ஸுக்கு ஓடி வர்றதில்ல" என்று பெஞ்சில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபம் இன்றும் எனக்கு ஆறவில்லை. லோபனோவ்ஸ்கியோ அதே அடியை வாங்கிக்கொண்டு, பிறகு பயிற்சியாளராகி, பதினொரு பேரும் சேர்ந்து ஓடுகிற ஓர் ஆட்டத்தையே கட்டி எழுப்பினார்.

ரோபோக்களாம்! 1975 ஐரோப்பிய சூப்பர் கப்பில் பயர்ன் மியூனிக்குக்கு எதிராக டைனமோ கீவ் போட்ட மூன்று கோலும் பிளோகின் அடித்தவை. பிளோகின், பெலனோவ், ஷெவ்சென்கோ என்று, சிறந்த வீரருக்கான பாலன் டோர் விருது வாங்கிய மூன்று பேர் அவர் கையில் வளர்ந்தவர்கள். ரோபோவுக்கா பாலன் டோர் கொடுப்பார்கள்?

"வீரர்களைக் கசக்கிப் பிழிந்தார், 1976இல் அவர்களே எதிர்த்தார்களே" என்பீர்கள். எதிர்த்தார்கள், சரி. "சோவியத் அணியின் கோச்சாக 1988 யூரோ ஃபைனலில் நெதர்லாந்திடம் தோற்றாரே?" தோற்றார். பெலனோவின் பெனால்டியை நெதர்லாந்து கோல்கீப்பர் வான் பிரூக்கெலன் தடுத்தார். அதற்கும் கோச்சின் கணக்குப் புத்தகம்தான் காரணமா?

1997இல் அவருடைய டைனமோ கீவ், பார்சிலோனாவை கீவில் 3-0, அவர்கள் மைதானத்திலேயே 4-0 என்று வென்றது. அந்த 4-0 இரவில் ஷெவ்சென்கோ ஹாட்ரிக். பார்சிலோனா ஜெயித்தால் அழகு, கலை, தத்துவம். அதே பார்சிலோனாவை ஒரு கீவ்க்காரரின் அணி நொறுக்கினால் மட்டும் எந்திரமா? ஸ்பெயினும் இங்கிலாந்தும் ஆடுவது மட்டும்தான் ஃபுட்பால் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இதைக் கேட்டதற்கு "நீ ஃபுட்பால் ஆடியிருக்கியா?" என்கிறார்கள். ஆடியிருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்.