27 ஹோம் ரன்னும் ஒரு குட்டி மைதானமும்

ஆரம்பகால அமெரிக்க பேஸ்பாலில் வருடா வருடம் ஹோம் ரன்னில் முதலிடம் பிடித்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும். (ஹோம் ரன் என்றால், ஒரே அடியில் பேஸ் எனும் நான்கு மூலைகளையும் சுற்றி வருவது; பந்து வேலியைத் தாண்டினால் அது தானாகவே கிடைக்கும்.) 1876-இல் நேஷனல் லீக் என்ற தொழில்முறைப் போட்டித் தொடர் தொடங்கியபோது ஜார்ஜ் ஹால், அடித்தது 5. மறுவருடம் லிப் பைக், 4. 1883-இல் பக் யூயிங் 10 அடித்ததே பெரிய விஷயம். அதற்கு அடுத்த வரியில், 1884-இல், சிகாகோவின் நெட் வில்லியம்சன், 27!

ஒரே வருடத்தில் யாருக்கும் அசுர பலம் வந்துவிடவில்லை. சிகாகோ அணி ஆடிய மைதானத்தில் இடதுபக்க வேலி 180 அடி, வலதுபக்கம் 196 அடி தூரத்தில்தான் இருந்தது. 180 அடி என்றால் 60 கஜம். இன்றைய ஆண்கள் சர்வதேச கிரிக்கெட்டில் பவுண்டரியே குறைந்தது 65 கஜம் இருக்க வேண்டும். 1883-இல் அந்த வேலியைத் தாண்டிய பந்துக்கு இரண்டு பேஸ்தான் கொடுத்தார்கள். அந்த வருடம் வில்லியம்சன் கணக்கில் 49 டபுள் (இரண்டு பேஸ் கிடைத்த அடி), 2 ஹோம் ரன். 1884-இல் அதே அடியை ஹோம் ரன் என்று மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான் சங்கதி. 27-இல் 25 சொந்த மைதானத்தில் வந்தவை. அதே அணியின் ஃபெஃபர் 25, டால்ரிம்பிள் 22, கேப்டன் ஆன்சன் 21. இத்தனை அடித்தும் லீக் பட்டம் என்னவோ ப்ராவிடன்ஸ் அணிக்குப் போனது. 1885-இல் சிகாகோ வேறு மைதானத்துக்கு மாறியது. வில்லியம்சன் அந்த வருடம் அடித்தது 3.

இதற்காக அவரை மோசடிக்காரர் ரேஞ்சுக்குப் பேசுவது அநியாயம். வேலியை அவர் கட்டவில்லை. மூன்றாவது பேஸில் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த தடுப்பாளர்களில் ஒருவர் அவர். 1888-89-இல் சிகாகோ வீரர்கள் உலகம் சுற்றி ஆடியபோது அவரும் போனார் (வழியில் கொழும்பிலும் ஒரு ஆட்டம் நடந்தது). பாரிஸில் முழங்கால் அடிபட்டது, பழைய ஆட்டம் திரும்பவே இல்லை. 1894-இல் இறந்தபோது வயது 36.

ஆனால் எனக்கு அந்த 27-ஐவிடப் பெரிய எண், 1909-இல் டெட்ராய்ட்டின் டை காப் அடித்த 9. ஒன்றுகூட வேலியைத் தாண்டவில்லை! அழுக்கேறி மெத்தென்று ஆகிப்போன பந்தையே மாற்றாமல் ஆடிய காலம். அதில் எச்சில் தடவி வீசவும் தடை கிடையாது. அப்படிப்பட்ட பந்தை இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே தட்டிவிட்டு, அவர்கள் துரத்திப் பிடித்துத் திருப்பி எறிவதற்குள் நான்கு பேஸையும் சுற்றி வர வேண்டும். பேஸுக்கு பேஸ் 90 அடி, மொத்தம் 360 அடி ஓட்டம். ஒன்பது முறையும் இப்படி ஓடியே, இன்னொரு பெரிய லீக்கான அமெரிக்கன் லீக்கில் முதலிடம். பட்டியலில் இந்த 9-உம் அந்த 27-உம் ஹோம் ரன் என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. மைதானத்தின் அளவையும் பக்கத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் 1919 வந்தது. பாஸ்டன் அணியின் பேப் ரூத் அடித்துத் தள்ளத் தொடங்கியபோது, 1899-இல் பக் ஃப்ரீமன் அடித்த 25-தான் சாதனை என்று பலரும் நினைத்திருந்தார்கள். வில்லியம்சனின் 27-ஐப் பழைய கணக்கிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. ரூத் அதையும் தாண்டி 29-இல் நின்றார். அதில் சொந்த மைதானத்தில் அடித்தது 9 மட்டும்; மீதி 20-உம் வெளியூரில்.