மயில் இருக்கட்டும், மலையைப் பற்றிப் பேசலாம்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு படம் போட்டார். குத்துவிளக்கு மாதிரி ஒரு வெண்கலத் தண்டு, உச்சியில் ஒரு மயில். ‘ஈராக்கில் முருகனை வணங்கும் யாசிதி மக்கள், அனைவருக்கும் பகிரவும்’ என்று கீழே எழுத்து. பதினைந்து பேர் கைகூப்பிவிட்டார்கள். இந்தப் படம் பல வருஷமாகச் சுற்றுகிறது. யாசிதிகள் வட ஈராக்கில் வாழும், தங்களுக்கென்று தனி மதம் உள்ள ஒரு சிறுபான்மைச் சமூகம். அது முருகன் இல்லை, தாவூஸ் மெலெக், மயில் வடிவில் இருக்கும் தேவதூதர்களின் தலைவர், கடவுள் உலகத்தை அவர் பொறுப்பில் விட்டிருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை என்று எழுதினேன். ‘எல்லாம் ஒண்ணுதான்டா, நல்ல விஷயம்தானே அனுப்பினேன்’ என்றார். சரிங்க சித்தப்பா என்று விட்டுவிட்டேன். ஆனால் மனசு விடவில்லை.

ஏனென்றால் அந்த மயிலை வைத்துத்தான் அந்த மக்களைச் ‘சாத்தானைக் கும்பிடுகிறவர்கள்’ என்று நூற்றாண்டுக் கணக்கில் வேட்டையாடினார்கள். தங்கள் மேல் நடந்த படுகொலைகளை அவர்கள் ஃபெர்மான் என்பார்கள். 2014இல் நடந்ததை 74ஆவது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பழகிப்போன ஒரு சமூகம். இதை யாராவது பகிரச் சொல்லி அனுப்பினார்களா?

2014 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. வடமேற்கு ஈராக்கில் சிஞ்சார், அவர்கள் வாயில் ஷெங்கால். ‘இஸ்லாமிய அரசு’ என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஐஎஸ் ஆயுதக் குழுவின் ஆட்கள் இரவிலேயே தெற்குக் கிராமங்களுக்குள் வந்துவிட்டார்கள். கிர்ஸெரிக், சீபா ஷேக் கிதிர் ஊர்களில் கையில் இருந்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்களே விடிய விடியத் தடுத்தார்கள், தோட்டா தீரும்வரை. காவலுக்கு இருந்த குர்திஷ் படை, பெஷ்மெர்கா, ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியேறிப் போய்விட்டது. ‘கிளம்புங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால்கூட எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத இடம் இதுதான். கொல்ல வந்தவன் கொல்லத்தான் வந்தான். காக்க நின்றவன் ஏன் சொல்லாமல் போனான்?

அதற்கப்புறம் ஒவ்வொரு குடும்பமும் போட்ட கணக்கு ரொம்பச் சின்னக் கணக்கு. கார் இருக்கிறதா, பெட்ரோல் எவ்வளவு, எத்தனை பேர் ஏறலாம். அங்கே வீடு என்றால் தாத்தா பாட்டி, கல்யாணமான அண்ணன் தம்பிகள், அவரவர் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையில். ஒரு காரில் எத்தனை பேரை அடைப்பீர்கள்? முதல் சில மணி நேரத்தில் கிளம்பியவர்கள் தப்பினார்கள். தாமதித்தவர்களைச் சாலையிலேயே மறித்துப் பிடித்தார்கள். வண்டி இல்லாதவர்கள் மலையைப் பார்த்து நடந்தார்கள். நடக்க முடியாத கிழவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்று. யாசிதிகளிடம் கிரிவ் என்று ஒரு உறவு உண்டு. பையனுக்குச் சுன்னத் செய்யும்போது அவனை ஒருவர் மடியில் வைத்துக்கொள்வார், நம் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவது மாதிரி. அந்த ஆள் பெரும்பாலும் பக்கத்து ஊர் முஸ்லிம். அதோடு இரண்டு வீடும் சொந்தமாகிவிடும், பெண் கொடுத்து எடுக்கக்கூட முடியாத அளவு நெருங்கிய சொந்தம். 2014இல் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களில் சிலர் வந்தவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். சிலர் உயிரைப் பணயம் வைத்து ஒளித்து வைத்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பது கதவைத் தட்டிய பிறகுதான் தெரியும். ‘முஸ்லிம்கள் எல்லாரும் இப்படித்தான்’ என்று கமெண்ட் போடத் தயாராக இருப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் திரும்பப் படியுங்கள்.

மலை மேலே பல்லாயிரம் பேர் சிக்கினார்கள். ஆகஸ்ட் வெயில், மரமில்லாத பாறை, விரல்விட்டு எண்ணும்படிச் சில ஊற்றுகள். ஆகஸ்ட் 5 அன்று பாக்தாத் நாடாளுமன்றத்தில் யாசிதி உறுப்பினர் வியான் தகீல் கதறி அழுது பேசியதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. விமானத்திலிருந்து தண்ணீரும் உணவும் போட்டார்கள். பிரிட்டிஷ் விமானம் ஒரு தடவை கீழே கூட்டம் அடர்ந்து நிற்பதைப் பார்த்து, பெட்டி தலையில் விழுந்துவிடுமே என்று போடாமலே திரும்பியது. தண்ணீருக்காக ஓடி வந்து கீழே குவிந்து நிற்கும் கூட்டம், தண்ணீரோடு திரும்பிப் போகும் விமானம். இந்தக் காட்சி என் மண்டையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. 2017இல் பிளாஸ் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு, கொல்லப்பட்டவர்களும் மலையில் இறந்தவர்களுமாக ஏறக்குறைய 3,100 பேர் என்று மதிப்பிட்டது. மலையில் இறந்தவர்களில் 93 சதவீதம் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

கடைசியில் வழி திறந்தது சிரியா பக்கத்திலிருந்து வந்த குர்திஷ் போராளிகளால். வடக்குச் சரிவில் இறங்கி, சிரியாவுக்குள் போய், அங்கிருந்து சுற்றி வந்து ஃபிஷ்காபூரில் டைகிரிஸைக் கடந்து மறுபடியும் ஈராக்குக்குள்ளேயே! சொந்த நாட்டில் பக்கத்து மாவட்டத்துக்குப் போக இன்னொரு நாடு வழியாக நடை. அப்புறம் வட ஈராக்கின் தொஹூக்கில் பள்ளிக்கூட வகுப்பறை, பூசாத கான்கிரீட் கட்டடம், பிறகு கூடாரம்.

நின்றுவிட்டவர்கள் கதை வேறு. கோச்சோ கிராமத்தைப் பன்னிரண்டு நாள் சுற்றி வளைத்து வைத்திருந்து ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்து ஆண்களைச் சுட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் சந்தைப் பொருளாக்கினார்கள். அடிமையாக்குவது சரிதான் என்று தங்கள் பத்திரிகையிலேயே நியாயமும் எழுதினார்கள். 2018இல் நோபல் வாங்கிய நாதியா முராத் அந்த ஊர்தான். ஆறு சகோதரர்களையும் அம்மாவையும் இழந்தவர்.

கடத்தப்பட்ட 6,000க்கும் மேற்பட்டவர்களை மீட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் குடும்பங்களே. கடன் வாங்கி, ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து, தரகர் பிடித்து, ஒவ்வொருவராக. தேனீ வளர்த்து வந்த ஒருவர், அலெப்போவில் தேன் விற்ற காலத்துப் பழக்கங்களை வைத்து ஆள் மீட்கத் தொடங்கினார். முதலில் தன் சொந்தங்களை, பிறகு முகம் தெரியாதவர்களை. ஒரு அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையைத் தேன் வியாபாரி செய்திருக்கிறார். 11 வயதில் பிடித்துப் போகப்பட்ட ஒரு பெண் 2024 அக்டோபரில் காசாவிலிருந்து வீடு திரும்பினார். இன்னும் ஏறக்குறைய 2,600 பேரைக் காணவில்லை.

அவர்கள் சமூகத்துக்குள்ளும் எனக்குக் கோபம் உண்டு. திரும்பி வந்த பெண்களை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களின் மதத் தலைவர் பாபா ஷேக் 2014இலேயே சொன்னார். லாலிஷ் கோயில் ஊற்றில் நீராட்டி மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். பெரிய மனசு, மறுக்கவில்லை. ஆனால் ஐஎஸ் பிடியில் இருந்தபோது அந்தப் பெண்களுக்கு அந்த ஆட்களால் பிறந்த பிள்ளைகளைச் சேர்க்க முடியாது என்று 2019இல் சொல்லிவிட்டார்கள். பிள்ளையா, பிறந்த வீடா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இன்னொரு கொடுமைதானே. இதில் ஈராக் சட்டத்துக்கும் பங்கு உண்டு, அந்தப் பிள்ளைகளை அது முஸ்லிம் என்றுதான் பதியும்.

அப்புறம் ஜெர்மனி. 2023 ஜனவரியில் அங்கே நாடாளுமன்றமே ‘இது இனப்படுகொலை’ என்று தீர்மானம் போட்டது. கொஞ்ச காலத்தில் யாசிதிகளைத் திருப்பி அனுப்பவும் ஆரம்பித்தார்கள். 2025 ஜூலையில் பிராண்டன்பர்க் மாநிலத்தில் அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தை பாக்தாத் விமானத்தில் ஏற்றினார்கள். அதே நாளில் நீதிமன்றம் அவர்களை வெளியேற்றும் முடிவை ரத்து செய்தது. அதற்குள் விமானம் கிளம்பிவிட்டது.

ஈராக் அரசும் இவர்கள் தங்கியிருந்த கூடார முகாம்களை 2024 ஜூலை 30க்குள் மூடுகிறோம், 40 லட்சம் தினார் தருகிறோம், ஊருக்குப் போங்கள் என்றது. இடிந்த வீடு, ஆளுக்கொரு ஆயுதக் குழு, அதே பழைய அக்கம்பக்கம். எதை நம்பிப் போவார்கள்?

சித்தப்பாவுக்கு இவ்வளவையும் குரல் பதிவாக அனுப்ப நினைத்தேன், அனுப்பவில்லை. இங்கே எழுதிவிட்டேன், அவர் முகநூலில் இருக்கிறார், பார்ப்பார். முருகனைக் கும்பிட்டால்தான் இவர்களுக்காக வருத்தப்படுவோமா என்பதுதான் அவரிடம் கேட்க வேண்டியது.

சிஞ்சார் மலை உச்சியில் சர்தஷ்த் என்று ஒரு சமவெளி. 2014இல் ஓடி ஏறிய குடும்பங்களில் சில பத்து வருஷம் கழித்தும் அங்கேயே கூடாரம் போட்டு இருந்தன. கீழே இறங்கினால் ஊர். மறுபடி வந்தால் மறுபடி ஏற வேண்டுமே என்று இறங்காமல் இருந்துவிட்டார்கள்.